கத்தரினா கேட்ட டின்

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு, பாலாவியில் அலீமாவின் குசினியில் நான்கு பேர் இருந்தார்கள். யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததற்கு அந்த நாலு பேரும் சாட்சி. அலீமா தன் வழக்கமான இடத்தில், அடுப்புக்கு எதிரே, தேங்காய் துருவும் துருவலைப் பலகையில் இருந்தாள். அவள் கணவர் ஜபார், உப்பு லொறி ஓட்டுகிறவர், கவிழ்த்துப் போட்ட பெயின்ற் வாளியில். மகள் ஸும்ரா வாசற்படியில், ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே. பக்கத்து வீட்டு நஃபீஸாவுக்கு, வருகிறவர்களுக்கென்று வைத்திருக்கும் நீலப் பிளாஸ்டிக் கதிரை. ஜன்னலோரம் இருந்த அரிசி மூடையில் மட்டும் ஒருவரும் இருக்கவில்லை. இரண்டு வருஷமாக அப்படித்தான். அது கத்தரினாவின் இடம்.

அன்று அந்த மூடையின்மேல் கத்தரினாவின் கடிதம் கிடந்தது.

"சத்தமாப் படிங்க ராத்தா," என்றாள் நஃபீஸா. "ரெண்டு நாளா நீங்க மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரியிறீங்க. விஷயம் என்னெண்டு எங்களுக்கும் தெரியட்டும்."

அலீமா கடிதத்தை எடுத்து, மடிப்பைப் பிரித்து, நலம் விசாரித்த பந்தியைத் தாண்டி வாசித்தாள்:

"...எங்கள் கோயில் பெருநாள் விருந்துக்கு நான் வட்டிலப்பம் செய்து தாறன் எண்டு ஃபாதரிட்டப் பெரிய வாயாச் சொல்லிப்போட்டன். நீங்கள் இலக்கம் போட்டு எழுதித் தந்ததைப் பார்த்து, ஒன்றும் விடாமல், ஒன்றும் கூட்டாமல், மூன்று தரம் செய்து பார்த்தேன். மூன்று தரமும் இறுகவில்லை. கரண்டி வைத்தால் தண்ணி ஊறுது. மூன்று தரத்துக்கும் நாற்பத்தைந்து முட்டை போயிற்று. 'சமைக்கிற ஆக்கள் ஒண்டை ஒளிச்சுப்போட்டுத்தான் மற்ற ஆக்களுக்குச் சொல்லுவினம்' எண்டு இங்க மாமி சொன்னா. முதல் இரண்டு தரமும் உங்களுக்காக அவவோட சண்டை பிடிச்சன். மூன்றாம் தரம் எனக்கு வாய் வரவில்லை அக்கா. எழுத மறந்தது ஏதும் இருந்தால் எழுதுங்கோ. மறக்கவில்லையெண்டால் எழுத வேண்டாம்."

அலீமா கடிதத்தை மடித்தாள். பாலாவிச் சந்தியில் ஒரு லொறி கோர்ன் அடித்துக்கொண்டு திரும்பியது.

"போன் எடுத்துக் கதைச்சா என்ன?" என்றார் ஜபார்.

"எடுத்தேன். அடிச்சு அடிச்சு நிக்கிது. எடுக்கிறாளில்ல."

"பெருநாள் எப்ப?"

"இன்னும் ஒம்பது நாள்."

நஃபீஸா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னுக்கு வந்தாள். கத்தரினா விட்டுப்போன வீட்டில் இப்போது வாடகைக்கு இருப்பவள் அவள்தான். கத்தரினாவை அவள் கண்டதில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்காத நாளும் இல்லை. "சரி ராத்தா, கோவப்படாம சொல்லுங்க. எதையாச்சும் விட்டுட்டீங்களா? நானெண்டா விட்டிருப்பேன். எங்க மாமிக்கு இஞ்சித் தொக்கு சொல்லிக் குடுக்கக்குள்ள புளிய விட்டுட்டுத்தான் சொன்னேன்."

"உங்கட மாமிக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு வேற," என்றாள் அலீமா. "நான் கத்தரினாட்ட எதை மறைச்சேன்? அவ பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா நான் முழிச்சிருந்தேன். என்ட தாலிக்கொடி அடகு போனது இவருக்குத் தெரியமுந்தி அவளுக்குத் தெரியும்."

"அது எப்ப போனது?" என்றார் ஜபார்.

"அத மீட்டாச்சு. நீங்க சும்மா இருங்க."

அலீமா எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "இப்ப செய்யப்போறேன். நான் எழுதினபடியே. ஸும்ரா, நீ அந்தக் கொப்பியில இருந்து ஒவ்வொரு இலக்கமா வாசி. நஃபீஸா, நீங்க என்ட கையப் பாத்துக்கிட்டு இருங்க. எழுத்தில இல்லாத ஒண்ட நான் செஞ்சா உடன சொல்லுங்க."

கத்தரினா ஊருக்குத் திரும்பும்போது எழுதிக் கொடுத்ததன் மறுபிரதி அலீமாவிடம் இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில், 'கடிதம் எழுதினால் பிரதி ஒன்றை வைத்துக்கொள்' என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் விரட்டியதில் மன்னார் எருக்கலம்பிட்டியை விட்டு வெறுங்கையோடு வந்தபோதும் அந்தப் பழக்கத்தை மட்டும் அவள் விட்டுவிட்டு வரவில்லை.

ஸும்ரா வாசித்தாள். "ஒன்று. கோழி முட்டை பதினைந்து."

பதினைந்து முட்டை உடைந்தது.

"இரண்டு. கித்துள் கருப்பட்டி, இடித்துத் தூளாக்கி, தலைதட்டி மூன்று டின்."

சுவரில் ஆணியில் தொங்கிய டின்பால் டின்னை அலீமா கழற்றினாள். வாய் விளிம்பு தேய்ந்து மழுங்கி, பேப்பரெல்லாம் போய், தகரம் கருத்திருந்தது. விளிம்போரம் துளை போட்டு ஒரு கம்பி வளையம் மாட்டியிருந்தது. தலைதட்டி மூன்று தரம் அள்ளினாள்.

"மூன்று. தேங்காய் முதற்பால் மூன்று டின்."

மூன்று தரம் ஊற்றினாள். ஏலக்காய், சாதிக்காய், ஒரு சிட்டிகை உப்பு. வடிகட்டல். பாத்திரத்தின் மூடிக்கு உள்பக்கமாகத் துணி கட்டல், ஆவித்தண்ணி சொட்டாமல் இருக்க. சிறு தீயில் முக்கால் மணி நேரம். நஃபீஸா கண்ணைச் சிமிட்டவேயில்லை. எழுத்தில் இல்லாத ஒன்றும் நடக்கவில்லை.

"இனி இருக்க வேண்டியதுதான்," என்றாள் அலீமா.

ஆவி வைத்துவிட்டுச் சும்மா இருக்கும் அந்த முக்கால் மணி நேரம்தான் முன்பெல்லாம் குசினியின் நல்ல நேரம். கத்தரினா அரிசி மூடையில் சாய்ந்து காலை நீட்டுவாள். இரண்டாயிரமாம் ஆண்டு, முருங்கன் பக்கமிருந்து சண்டைக்குள்ளால் தப்பி, கைக்குழந்தையோடு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் குடியேறியவள். வந்து ஒரு மாதத்தில் வேலியில் ஒரு ஆள் போகும் அளவுக்குத் தென்னோலைக் கிடுகு கழன்றது. கழற்றியது யாரென்று இருவருமே கடைசிவரை சொல்லவில்லை. பிறகு இரண்டு வீட்டுக்கும் ஒரே குசினி. கலியாணம், கத்னா, கந்தூரி என்று ஊரில் எதுவென்றாலும் பெரிய பானைகள் இங்கேதான் ஏறின.

குறுக்குவழி கண்டுபிடிப்பதில் கத்தரினாவை அடிக்க ஆளில்லை. முப்பது முட்டை அவிக்கவேண்டுமென்றால், கிழிந்த மீன்வலைத் துண்டில் கட்டிக் கொதிநீரில் இறக்கி, வெந்ததும் ஒரே இழுப்பில் தூக்குவாள். "மீன்பிடிகாரன்ர மகள் எல்லாத்தையும் வலையாலதான் பிடிப்பாள்," என்பாள். தண்ணிப் போத்தல் மூடியில் ஊசியால் துளை போட்டு, அதால் பிட்டு மாவுக்கு உப்புத்தண்ணி தெளிப்பாள். ஒரு கட்டி விழாது. உள்ளிப் பூண்டு இரண்டு பீங்கானுக்குள் அடைபட்டுக் கிலுகிலுவென்று குலுங்கினால் தோலெல்லாம் தானாகக் கழன்று நிற்கும். பழுதாய்ப்போன குடையின் கம்பி கேக் வெந்ததா என்று குத்திப் பார்க்க. பால்மா டின் மூடியில் ஆணியால் அடித்த துளைகள் கரட் துருவ.

காசு கொடுத்து வாங்கியவையும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் 'எதை எடுத்தாலும் நூறு' என்று பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு வான் வரும். அவித்த முட்டையைக் கம்பியால் வெட்டும் சாமானை அதில்தான் வாங்கினார்கள். அதில் முட்டையைத் தவிர மற்ற எல்லாம் வெட்டினார்கள்: வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு, ஒருநாள் சவர்க்காரமும்.

"சவர்க்காரம் வெட்டினது ஞாபகமிருக்கா?" என்றார் ஜபார் திடீரென்று. அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அண்டைக்கு நீங்க அத வட்டிலப்பமெண்டு எடுத்து வாயில வைக்கப் பாத்தீங்க," என்றாள் அலீமா. சிரிப்பு வந்தது. அடுத்த கணம் கடிதம் ஞாபகம் வந்து, சிரிப்பு அப்படியே நின்றது.

ஜபார் தேநீர் வேண்டும் என்றார். ஸும்ரா புதிதாய் ஒரு டின்பால் உடைத்து எல்லாருக்கும் ஊற்றினாள். மிச்சப் பாலைப் போத்தலில் வார்த்துவிட்டு டின்னைக் கழுவி அடுப்படியில் கவிழ்த்தாள். அந்த வானில் போன கிழமை தான் வாங்கிய அளவுக் கப்புகளை, வளையத்தில் கோத்த நாலு மஞ்சள் கப்புகளை, எல்லாருக்கும் தெரியும்படி ஆட்டிக்கொண்டு, "இதால அளந்திருந்தா ஒரு பிரச்சினையும் வந்திருக்காது உம்மா," என்றாள்.

"உன்ட கப்பு நேத்து வந்தது. என்ட டின் பன்ரெண்டு வருஷம் சோறு போட்டது."

வட்டிலப்பம் ஆறியது. அலீமா கத்தி வைத்தாள். நேராக இறங்கி, நேராக ஏறியது. தண்ணி ஒரு துளி இல்லை. வெட்டுமுகத்தில் தேன்கூடு போலச் சின்னச் சின்னத் துளைகள். நால்வரும் தின்றார்கள். ஜபார் இரண்டாந்தரம் பீங்கானை நீட்டினார்.

"அப்ப ரெண்டில ஒண்டு," என்றாள் நஃபீஸா, விரலை நக்கிக்கொண்டு. "ஒண்டு, அவட கை பிழை. இல்லாட்டி உங்கட கையில மறைஞ்சிருக்கிற ஏதோ ஒண்டு எங்கட கண்ணுக்கும் படல்ல."

"அவட கை பிழைக்காது!" அலீமாவின் குரல் உயர்ந்தது. "இந்தக் குசினியில அந்த வட்டிலப்பத்த என்னைவிடக் கூடச் செஞ்சது அவ. நான் எழுதினதில என்ன விளங்காம இருக்கு? முட்டையெண்டா முட்டை. டின்னெண்டா டின். முருங்கன்ல டின் வேறயா? இந்தா!"

அடுப்படியில் கவிழ்ந்திருந்த புது டின்னை எடுத்து, பழைய டின்னுக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்தாள். ஒரே உயரம், ஒரே வாய். பழைய டின்னில் விளிம்பு முட்டத் தண்ணி மொண்டு, அதைப் புது டின்னில் ஊற்றினாள். "பாருங்க எல்லாரும், ஒண்டுக்கு ஒண்டு..."

புது டின் நிறையவில்லை.

அலீமா டின்னை உற்றுப் பார்த்தாள். தண்ணியைக் கொட்டிவிட்டு மறுபடியும் மொண்டு ஊற்றினாள். மறுபடியும் விளிம்புக்குக் கீழே, நல்லாய்க் கீழே நின்றது.

ஸும்ரா வாசற்படியிலிருந்து எழுந்து வந்தாள். மேசைக்கரண்டியால் ஒவ்வொன்றாக ஊற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது கரண்டியில் தண்ணி விளிம்பைத் தொட்டது.

"மூணு கரண்டி குறையிது உம்மா. ஒரு டின்னுக்கு மூணு. பால் மூணு டின்னுக்கு ஒம்பது கரண்டி." அவள் கண் அகன்றது. "கத்தரினா மாமி ஒவ்வொரு தரமும் ஒம்பது கரண்டி பால் கூட விட்டிருக்கா. கருப்பட்டியும் அப்படித்தான். முட்டை மட்டும் எண்ணிப் போட்டது. அது கூடல்ல. பிறகெப்படி இறுகும்?"

அலீமா பழைய டின்னைக் கவிழ்த்தாள். பன்னிரண்டு வருஷமாக அந்த டின்னைத் தினமும் கையில் எடுத்திருக்கிறாள். அதன் அடியை ஒருநாளும் பார்த்ததில்லை. அடித்தகரம் உள்வாங்கி, கிண்ணம்போலக் குழிந்து, உள்ளுக்குள் ஒரு மேடாக எழும்பி நின்றது.

"கருப்பட்டி," என்றார் ஜபார் மெல்ல.

அவர் சொல்லத் தேவையில்லை. அலீமாவின் காதில் அது ஏற்கெனவே விழுந்துவிட்டது: டொக், டொக், டொக். சிரட்டை வடிவத்தில் கல்லாய் இறுகிப்போன கித்துள் கருப்பட்டியை அம்மியில் வைத்து, டின்னின் அடியால் உடைக்கும் சத்தம். 'உலக்கையத் தேடி எடுக்கிற நேரத்தில வேலை முடிஞ்சிடும் அக்கா. இடிக்கிறதும் இதுதான், அளக்கிறதும் இதுதான். ஒரு சாமானில ரெண்டு வேலை.' பத்து வருஷம் இடித்தாள். ஒவ்வொரு இடிக்கும் அடித்தகரம் ஒரு நூலளவு உள்ளே போயிற்று. அடி உயர உயர, கத்தரினாவின் கையும் அலீமாவின் கையும் தங்களை அறியாமலே பாலையும் கருப்பட்டியையும் முட்டையையும் அதற்கு ஏற்றபடி சரிசெய்துகொண்டன. அப்படிச் சரியாகி முடிந்த பிறகுதான் அலீமா இலக்கம் போட்டு எழுதினாள்.

"எல்லாம் அவளே செஞ்ச வேலையா!" நஃபீஸா கைகொட்டிச் சிரித்தாள். "அவ இடிச்சதுக்கு நீங்க பழி சுமந்தீங்க. எழுதுங்க ராத்தா, நல்லாக் காரமா எழுதுங்க!"

அலீமா சிரிக்கவில்லை. டின்னை மடியில் வைத்துக்கொண்டு துருவலையில் போய் இருந்தாள்.

இரண்டாயிரத்துப் பத்து, கத்தரினா ஊருக்குத் திரும்பிய நாள். இதே குசினியின் நடுவில் சாமான்களைக் குவித்துவைத்து இருவரும் பங்கு போட்டார்கள். இடியப்ப உரல் உனக்கு, பெரிய தாச்சி எனக்கு, வலைத்துண்டு உனக்கு, முட்டை வெட்டுகிற சாமான் எனக்கு. கடைசியாகக் கத்தரினா சுவரிலிருந்த டின்னைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதை நான் கொண்டுபோகட்டே அக்கா?"

அலீமா சொன்னாள்: "விசரா உனக்கு? டின்னுக்கு மன்னாரில பஞ்சமா? ஒரு டின்பால் வாங்கிக் குடிச்சிட்டுக் கழுவினா டின் வந்திட்டுப் போகுது."

கத்தரினா டின்னைத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

அது, கத்தரினா வந்திறங்கிய முதல் நாள் அவள் குழந்தைக்குப் பால் கரைக்கவென்று அலீமா உடைத்த டின். கத்தரினாவின் கைபட்டுத் தேய்ந்த சாமான் ஒன்றாவது இந்தச் சுவரில் கிடக்கட்டும் என்றுதான் அலீமாவுக்கு அன்று ஆசை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பகிடியாக்கிவிட்டாள்.

"அவ மாமி சொன்னது சரிதான்," என்றாள் அலீமா. "ஒண்ட நான் வச்சுக்கிட்டுத்தான் மத்தத எழுதிக் குடுத்திருக்கேன்."

"உம்மா, டின்னுக்கு மூணு கரண்டி குறைச்சு ஊத்தச் சொல்லி எழுதுங்க. போதும்தானே?"

"மூணு தரம் என்ட எழுத்த நம்பி நாப்பத்தஞ்சு முட்டைய உடைச்சவ. நாலாந்தரமும் எழுத்தக் காட்டி 'நம்பு' எண்டு எப்படிச் சொல்ற? கையில குடுக்கணும்." அவள் ஸும்ராவைப் பார்த்தாள். "அந்தப் பெரிய கப்ப எடு."

பழைய டின்னில் தண்ணி மொண்டு மஞ்சள் கப்பில் ஊற்றினார்கள். கப்பின் விளிம்போடு விளிம்பாக வந்து நின்றது. ஒரு சொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பாத்தீங்களா!" என்றாள் ஸும்ரா.

"ஓம், பாத்தேன். உன்ட கப்பு இனி எனக்கு. ஆணியில மாட்டு."

அன்று அஸருக்குப் பிறகு அலீமா மேசை லாச்சியிலிருந்து கோடு போட்ட தாள் இரண்டை எடுத்து, கார்பன் தாளை இடையில் வைத்து எழுதினாள்.

"அன்புள்ள கத்தரினாவுக்கு, அக்கா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. எழுத வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் மறந்தது ஒன்று இருக்கிறது.

ஒன்று. இத்துடன் வருவது நம் டின். இதன் அடியைத் திருப்பிப் பார். யார் செய்த வேலை என்று உன் மாமிக்கும் காட்டு.

இரண்டு. முட்டை பதினைந்துதான். பாலும் கருப்பட்டியும் இந்த டின்னால் மட்டும் மூன்று மூன்று. வேறு டின்னைத் தொடாதே.

மூன்று. இனி இதால் கருப்பட்டி இடிக்காதே. இன்னும் உள்ளே போனால் நான் திரும்ப எழுத வேண்டிவரும்.

நான்கு. அன்று நீ இதைக் கேட்டபோது நான் தராதது கஞ்சத்தனத்தால் அல்ல. இங்கே உன் அரிசி மூடையில் இப்போதும் ஒருவரும் இருப்பதில்லை.

ஐந்து. பெருநாள் அன்று வட்டிலப்பம் வெட்டியதும் போனை எடு."

தாளை நாலாக மடித்து உறைக்குள் வைத்தாள். பசை முடிந்திருந்தது. பானையில் ஒட்டியிருந்த இரண்டு சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கித் தடவி, பெருவிரலால் அழுத்தி ஒட்டினாள். உறையைச் சுருட்டி டின்னுக்குள் வைத்து, வாயைப் பொலித்தீனால் மூடி, ரப்பர் வளையம் போட்டாள். சுற்றிவர வெள்ளைத் தாள் ஒட்டி, அதில் பெயரும் முருங்கன் சந்திக் கடையின் பெயரும் எழுதினாள். கத்தரினா ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அந்தக் கடைக்கு வருவாள் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கொழும்பிலிருந்து முருங்கன் வழியாகப் போகும் மன்னார் பஸ் பாலாவிச் சந்தியில் நின்றது. ஜபார் கொடுக்கிறேன் என்று சொல்லியும் கேளாமல் அலீமாவே போனாள். கண்டக்டர் பெடியன் டின்னை வாங்கிக் காதோரம் குலுக்கிப் பார்த்தான்.

"என்ன மாமி, ஒண்டும் சத்தம் வருதில்ல? வெறும் டின்னா?"

"வெறும் டின்தான் மகன். நசுங்காமக் கொண்டுபோங்க. இருக்கிற நசுங்கல் போதும்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில், ஸ்பீக்கருக்கும் மாதா படத்துக்கும் நடுவில் டின்னை இறுக்கி வைத்துவிட்டுப் படியில் ஏறி, பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தரம் தட்டினான். டொக், டொக். பஸ் புறப்பட்டது.